மூடிக்கொண்ட வாய்

ஜீப்பைப் பாலத்தின் குறுக்கே நிறுத்திவிட்டு இறங்கினாள்.

எதிரே ஊரே வந்துகொண்டிருந்தது.

மூட்டைகளோடு, சுருட்டிய பாய்களோடு, தோளில் தூங்கும் குழந்தைகளோடு. இரண்டு வாரமாகப் பள்ளிக்கூடத்து முகாமில் அடைந்து கிடந்தவர்கள். அவர்களை மலையிலிருந்து இறக்கச் சொன்னவளே அவள்தான். எரிமலைக் கண்காணிப்பு நிலையத்தில் அதுதான் அவள் வேலை.

அவளுக்குப் பின்னால் மலை.

புகை இல்லை. நடுக்கம் இல்லை.

நாள் முழுக்கப் பொங்கிக்கொண்டிருந்த கந்தக வாயு நேற்றுக் காலையோடு நின்றுவிட்டது. மலை அடங்கிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். மாவட்ட அதிகாரியும் தொலைபேசியில் அதையேதான் சொன்னார். பாலத்தை மறித்துக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து வழிவிடச் சொன்னார்.

மாட்டேன் என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

எரிமலைக்கு அடியில் ஒரு நெருப்புக் குளம் கிடக்கிறது என்றுதான் அவளும் பள்ளியில் படித்திருந்தாள். இப்போதைய ஆராய்ச்சிகள் வேறு சொல்கின்றன. கீழே இருப்பது பெரும்பாலும் ஈர மணல் போன்ற ஒன்று. படிகங்களின் இடுக்கில் உருகிய பாறை ஊறிக் கிடக்கும். தலைமுறைக் கணக்கில் அசையாது. பிறகு சில நாட்களிலேயே ஒன்றுகூடி மேலேறிவிடும்.

ஏறியிருந்தது. மலையின் தோள் வீங்கியிருந்தது.

வாயு நின்ற பிறகும் அந்த வீக்கம் வடியவில்லை.

ஏறி வந்தது இறங்கிப் போகவில்லை. வெளியேறும் வழிதான் அடைத்துக்கொண்டிருக்கிறது.

கூட்டத்துக்கு முன்னால் அவள் அண்ணன் தர்மலிங்கம் வந்தான். சுமத்ராத் தீவின் மேடான் நகரத்துத் தமிழர்களில் இந்த மலைக்கு ஏறி வந்து மாடு வளர்த்த குடும்பம் அவர்களுடையது. முகாமிலிருந்து பகலில் ஒருமுறை போய்ப் பால் கறந்துவர அவள் அனுமதித்திருந்தாள். மலை அமைதியானதும் அதையும் நிறுத்திவிட்டாள்.

"வழிய விடு."

"முடியாதுண்ணே."

"மாடுங்க மடி கட்டிப்போய்க் கெடக்கும். தண்ணி வைக்க ஆளில்ல. அதுங்க பாலுல வளந்தவதானே நீ?"

அவள் மலையைக் கைகாட்டினாள்.

"விசில் வரலேன்னா அடுப்பு அணைஞ்சிருச்சுன்னு அர்த்தமா? குக்கர் அடைச்சுக்கிட்டாலும் விசில் வராதுண்ணே."

"சரி, எப்ப வெடிக்கும்? அதச் சொல்லு."

"தெரியாது."

பின்னால் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பரவியது. கூட்டம் ஓரடி முன்னால் வந்தது.

அவள் ஜீப்பின் முன்பக்கத்தில் ஏறி நின்றாள். அந்த ஊர்மொழியில் சொன்னாள். பிறகு அண்ணனைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்.

"வெடிக்கலேன்னா என்னையப் பொய்க்காரின்னு சொல்லுங்க. மூஞ்சியில காறித் துப்புங்க, வந்து நிக்கிறேன். ஆனா துப்புறதுக்கு நீங்க உசுரோட இருக்கணும்."

சிரிப்பு நின்றது.

அண்ணன் அவளையே பார்த்தான். பிறகு திரும்பி, அவளுக்கு முதுகைக் காட்டியபடி, பாலத்தின் நடுவில் உட்கார்ந்தான்.

ஊரிலேயே அதிக மாடு அவனுடையது. அவன் உட்கார்ந்த பிறகு யாரும் தாண்டிப் போகவில்லை.

மலை வெடிக்கவில்லை.

அன்றும் இல்லை. அந்த வாரமும் இல்லை.

வேறோர் அதிகாரி வந்து கயிற்றை அறுத்தார். ஊர் மேலேறிப் போயிற்று. வீண் பீதி கிளப்பியதாகச் சொல்லி அவளை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள்.

அண்ணனின் தொழுவத்தில் ஒரு பசுவும் அதன் கன்றும் செத்துக் கிடந்தன. குழியை அவனே வெட்டினான். அவள் மண்வெட்டியோடு போய் நின்றபோது படலை இழுத்துச் சாத்தினான்.

சாத்திய படலுக்கு வெளியே, குழி மூடும்வரை நின்றாள்.

அடுத்த மாதம் இரவல் வாங்கிய வாயுமானியை முதுகில் கட்டிக்கொண்டு தனியாக மலையேறினாள். யாரும் அனுப்பவில்லை. யாரிடமும் கேட்கவில்லை.

எரிமலை வாயின் விளிம்பில் வாயுமானி ஏறக்குறைய ஒன்றுமே காட்டவில்லை. வீக்கம் அப்படியே இருந்தது.

அங்கிருந்தே நிலையத்துக்குத் தொலைபேசியில் சொன்னாள். எதிர்முனையில் பாதியிலேயே வைத்துவிட்டார்கள்.

மறுநாளும் ஏறினாள். மறுநாளும் கூப்பிட்டாள். அதற்கடுத்த நாளும்.

ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில் ஊர் வழியாக இறங்கி வந்தாள். கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த பெண் அவளைக் கண்டதும் உள்ளே போய்விட்டாள். தேநீர்க் கடையில் பேச்சு நின்றது. அவள் நடையை வேகப்படுத்தவில்லை. தலையைக் குனியவும் இல்லை.

அண்ணன் பால் கறந்துகொண்டிருந்தான். நிமிரவில்லை.

அவன் வீட்டைத் தாண்டிய பிறகுதான் ஏதோ உறுத்தியது. நின்று திரும்பிப் பார்த்தாள்.

அந்த ஊரில் வண்டிகளை வீட்டு வாசலைப் பார்த்துத்தான் நிறுத்துவார்கள். ஓட்டிவந்து அப்படியே விட்டுவிட்டுப் போவார்கள்.

இன்று தெரு முழுக்க, தேநீர்க் கடை வரைக்கும், பைக்குகளும் பழைய வேன்களும் மலையிறங்கும் வழியைப் பார்த்து நின்றன.

அண்ணனின் வண்டியில் சாவி தொங்கிக்கொண்டிருந்தது.