உட்கார்ந்திருப்பவனின் கடிகாரம்

காலம் ஓடுவதே இல்லை என்று பேராசிரியர் சொன்னபோது மணி பதினொன்று முப்பத்தைந்து.

அவன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

சட்டைப் பையில் மனுச் சீட்டு இருந்தது. சிறைக்கு வந்து கைதியைப் பார்ப்பதற்கு அங்கே மனு என்று பெயர். பார்க்க வந்திருப்பவர்: மாரிச்செல்வி. உறவு: மகள்.

மனு பன்னிரண்டு மணியோடு சரி.

சீட்டு கைக்கு வந்ததுமே எழுந்துவிட்டான். வார்டர் அருள்தாஸ் தோளை அழுத்தி உட்கார வைத்தார். இரண்டாவது வரிசையில் ஓட்டை விழுந்தால் போட்டோவில் நன்றாக இருக்காதாம். விருந்தாளி பேசி முடிக்கும்வரை ஒருவனும் அசையக் கூடாது, சூப்பிரண்டு ஐயா உத்தரவு. மனு எங்கே ஓடிவிடப் போகிறது என்றும் கேட்டார்.

வெளியிலிருந்து யார் பேச வந்தாலும் இதே கதைதான். போன மாதம் யோகா. அதற்கு முந்தின மாதம் பல் டாக்டர். நாற்காலியை நிரப்ப வேண்டும், உள்ளே ஆளுக்கா பஞ்சம்?

பேராசிரியர் நல்ல மனிதர். அதுதான் அவனுக்கு இன்னும் எரிந்தது. நண்பர்களே என்று கூப்பிட்டார். வியர்த்து வழிய, ஆசை ஆசையாகப் பேசினார். நேற்று எங்கேயும் போய்விடவில்லை என்றார். நாளை ஏற்கெனவே இருக்கிறது என்றார். எல்லோருக்கும் பொதுவான ‘இப்போது’ என்று ஒன்று இந்தப் பிரபஞ்சத்தில் கிடையவே கிடையாது என்றார்.

நேற்று எங்கேயும் போகவில்லை என்பது அவனுக்குத் தெரியாதா? வரப்புத் தகராறு. கையில் மண்வெட்டி. கீழே மச்சினன். பன்னிரண்டு வருஷமாக அது அங்கேயேதான் கிடக்கிறது.

மகளுக்கு அப்போது ஆறு வயது. வளர்ந்தது செத்தவனின் வீட்டில். அவளை ஒருவரும் இங்கே கூட்டி வந்ததில்லை. எப்படிக் கூட்டி வருவார்கள்?

போன மாதம் அவளுக்குப் பதினெட்டு முடிந்தது. யாரையும் கேட்காமல் கடிதம் போட்டுவிட்டாள்.

‘செவ்வாய்க்கிழமை வர்றேன். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அப்புறம் வரமாட்டேன்.’

அந்த ஒன்று என்னவாக இருக்கும் என்று ஒன்பது நாளாக மண்டையைக் குடைந்துகொண்டிருந்தான். எதைக் கேட்டாலும் பொய் சொல்வதில்லை என்பதை மட்டும் முடிவு செய்திருந்தான்.

பதினொன்று நாற்பத்தாறு.

ஓடுகிறவனின் கடிகாரம் மெதுவாக நடக்கும் என்றார் பேராசிரியர். ராக்கெட்டில் போய்த் திரும்புகிறவன் இளமையாக வந்து இறங்குவான். வீட்டிலேயே இருந்தவன் கிழவனாகியிருப்பான். உட்கார்ந்தே இருக்கிறவனுக்குத்தான் காலம் அதிகம் கழியும்.

முன்வரிசையில் அதிகாரிகள் தலையாட்டினார்கள்.

அவனுக்குப் பேராசிரியரின் முன்னால் இருந்த மேஜையைத் தூக்கிக் கவிழ்க்க வேண்டும்போல் வந்தது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டான். அந்தக் கைகளை அவன் நம்புவதில்லை.

பதினொன்று ஐம்பத்து மூன்று. ஏதாவது கேள்வி உண்டா என்று பேராசிரியர் சிரித்தபடி கேட்டார்.

அருள்தாஸ் முறைப்பதற்குள் அவன் எழுந்து நின்றுவிட்டான்.

“ஐயா, என் மக மனு ரூம்ல உக்காந்திருக்கா. பன்னெண்டு மணிக்கு அனுப்பிருவாங்க. எந்தக் கடிகாரத்துப் பன்னெண்டு ஐயா? உங்களதா, என்னதா, அவளதா?”

பேராசிரியரின் முகம் மலர்ந்துவிட்டது.

இருபத்தெட்டு வருஷம் கல்லூரியில் பாடம் நடத்தியும் இப்படி ஒரு கேள்வி வந்ததில்லை என்றார். காத்திருக்கும் மகள், வர முடியாத அப்பா, என்ன அருமையான உதாரணம் என்றார். உதாரணம் இல்லை ஐயா, நிஜமாகவே, என்று அவன் ஆரம்பித்தான். பொறுங்கள் பொறுங்கள் என்று கையைக் காட்டிவிட்டு அவர் பலகையை அழித்தார். இரண்டு கோடு போட்டார். ஒன்றின் கீழே மகள் என்றும் மற்றதன் கீழே அப்பா என்றும் எழுதினார்.

முன்வரிசை கைதட்டியது. போட்டோக்காரர் அவனை இரண்டு படம் எடுத்தார். விஷயம் தெரிந்த ஒரே ஆள் அருள்தாஸ். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விளக்கம் பதினான்கு நிமிஷம் நடந்தது. அவன் நின்றுகொண்டே கேட்டான்.

மனு அறையில் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை.

கிளார்க் பதிவேட்டை மூடப் போனார். அவன் அதன்மேல் கையை வைத்தான். கூப்பிட்டும் வராத ஆளுக்கு எப்போதும் எழுதுவதைத்தான் எழுதியிருந்தார்: ‘கைதி பார்க்க மறுப்பு.’ பார்க்க வந்தவர் அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும்.

போட்டிருந்தாள். பக்கத்தில் நேரமும் எழுதியிருந்தாள். 12.00.

அவள் ஏதாவது கேட்டாளா என்று கேட்டான்.

கிளார்க் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஒண்ணும் கேக்கலப்பா. கேக்க வந்ததுக்குப் பதில் கிடைச்சிருச்சுன்னு சொல்லிட்டுப் போச்சு.”

பின்னாலேயே அருள்தாஸ் வந்து நின்றார். கேள்வி கேட்டவனோடு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளப் பேராசிரியர் ஆசைப்படுகிறார், சீக்கிரம் வர வேண்டும் என்றார். அவருக்கு நேரமாகிறதாம்.

அவன் இரண்டு கைகளின் விரல்களையும் கம்பி வலைக்குள் விட்டு இறுகப் பிடித்துக்கொண்டான்.