முத்திரையிட்ட மூன்று ஜாடிகள்

"என்ன தம்பி, வாசிச்சுப் போட்டுப் பேசாமல் இருக்கிறியள்? வீட்டை விட்டு எழும்பச் சொல்லிப் போட்டாங்களோ?"

கமலராணி கேட்டதும் வைத்தியநாதன் கடிதத்தை மறுபடி முதலிலிருந்து படித்தான். அவன் மேல்மாடியில் குடியிருக்கும் மதுரைக்காரன். மூவாயிரம் வருடத்துக்கு முந்தைய எகிப்தியப் பிணங்களை ஆராய்வது வேலை. பிரெஞ்சில் கடிதம் வந்தால் கமலராணிக்கு மகள் கனிஷ்காதான் வாசித்துச் சொல்வாள். அவள் இப்போது லியோனில் படிக்கிறாள்.

"வீட்டு விஷயம் இல்லக்கா. கோர்ட்ல இருந்து வந்திருக்கு. சுகந்தன் அண்ணன் பத்தி."

கமலராணி கதிரையை இழுத்து மெதுவாக உட்கார்ந்தாள்.

கணவன் சுகந்தன் இறந்து மூன்று வருடம். ஒபர்வில்லியே என்ற ஊரில் ஒரு பண்டகசாலையில் வேலை பார்த்தவர். ஒரு நாள் காலை வேலைக்குப் போன ஒரு மணி நேரத்தில் பெட்டிகளுக்கு நடுவே விழுந்தவர் எழும்பவில்லை. வேலையிடத்தில் நடந்த சாவு என்பதால் பொலிஸ் வந்தது. உடலை அறுத்துப் பார்த்தார்கள். மாரடைப்பு என்று சொல்லிப் பதினோராம் நாள் பெட்டியை மூடிக் கொடுத்தார்கள். எரித்தாயிற்று.

"அது முடிஞ்ச விஷயமெல்லோ தம்பி?"

"முடிஞ்சதுதான். ஆனா…" அவன் தயங்கினான். "அன்னைக்கு உடம்பை முழுசாக் குடுக்கலக்கா. இதயம், ஈரல், இரைப்பை மூணையும் எடுத்து, தனித்தனி ஜாடியில போட்டு, சீல் வெச்சு வெச்சிருக்காங்க. கேஸை மூடிட்டாங்களாம். இப்ப அதை என்ன பண்றதுன்னு உங்களைக் கேக்குறாங்க."

கீழே கடைத்தெருவில் யாரோ மரக்கறிப் பெட்டிகளை இறக்கும் சத்தம் கேட்டது. கமலராணி அவன் பக்கம் குனிந்தாள்.

"மூண்டு வரிசமா வைச்சிருக்கிறாங்களோ? பழுதாப் போகாதோ?"

"போகாதுக்கா. நான் பாக்கிற ஜாடியெல்லாம் மூவாயிரம் வருஷத்துக்கு முந்தினது. எகிப்துல செத்தவங்க உடம்பைத் திறந்து ஈரல், நுரையீரல், இரைப்பை, குடல் நாலையும் எடுப்பாங்க. உப்புல உலர்த்தி, துணியில சுத்தி, நாலு ஜாடியில வெப்பாங்க. ஒவ்வொண்ணுக்கும் ஒரு காவல் தெய்வம். இதயத்தை மட்டும் உடம்புக்குள்ளயே விட்டுடுவாங்க."

"அதை ஏன் எடுக்கேல்லை?"

"மனுஷன் செஞ்சது எல்லாம் இதயத்துக்குத் தெரியும்னு நம்பினாங்க. செத்த பிறகு அதைத் தராசுல வெச்சு விசாரிப்பாங்களாம்." அவன் கடிதத்தைக் கோபமாக மடித்தான். "அவங்களே அவ்வளவு மரியாதையா இருந்திருக்காங்க. இவங்க உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாம, இதயமே இல்லாத உடம்பை எரிக்க விட்டிருக்காங்க."

கமலராணி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். அவன் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க. அண்ணனுக்கு நாப்பத்தாறு வயசு. சக்கரை இல்ல, பிரஷர் இல்ல. திடீர்னு எப்படி மாரடைப்பு? அந்த வேர்ஹவுஸ்ல என்னென்ன மருந்து அடிச்சாங்களோ, எதைச் சுவாசிச்சாரோ. ரசாயனச் சோதனை எதுவும் செய்யலைன்னு இதுலயே போட்டிருக்கு. நாம இப்ப கேட்டா செய்ய வைக்கலாம்."

"இப்பவோ? இவ்வளவு காலத்துக்குப் பிறகு என்னத்தைக் கண்டுபிடிக்கப் போயினம்?"

"நிறைய கண்டுபிடிக்கலாம்க்கா. எகிப்து ஜாடியில இருக்கிறதை வெச்சே செத்தவனுக்கு என்ன வியாதின்னு இன்னைக்குச் சொல்றோம். இது வெறும் மூணு வருஷம். இரைப்பை அப்படியே இருக்கு. அவர் உள்ளே கடைசியா என்ன போச்சுன்னு பாத்துடலாம். லெட்டரை நானே எழுதுறேன். தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர் இருக்கார்."

"வேண்டாம் தம்பி."

"அக்கா—"

"அந்தாளை ஒருக்கா அறுத்தது காணும். திருப்பியும் கத்தி வைக்க விடமாட்டன். எரிக்கச் சொல்லி எழுதுங்கோ."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. எரிச்சுட்டா அப்புறம் ஒண்ணுமே இருக்காது."

"ஓம். எரிக்கட்டும்." இந்த முறை அவள் குரல் நடுங்கவில்லை.

வைத்தியநாதன் பெருமூச்சு விட்டான். மூன்று வரியில் பதிலை எழுதி, கீழே அவள் கையெழுத்திட வேண்டிய இடத்தைக் காட்டினான். அவள் பேனாவை இறுகப் பிடித்து, எழுத்து எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள்.

"நானே தபால்ல போட்டுடறேன்க்கா. உங்க இடத்துல வேற யாராவது இருந்தா ஊரையே ரெண்டாக்கியிருப்பாங்க."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அவன் படியிறங்கித் தெருவுக்குப் போவதை யன்னலால் பார்த்தாள். தபால் பெட்டிக்குள் உறை விழுந்த பிறகுதான் யன்னலைச் சாத்தினாள். கதவையும் பூட்டிவிட்டு வந்து லியோனுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

கடிதம் வந்த கதையைக் கேட்டதும் மறுமுனையில் கனிஷ்கா பிரெஞ்சில் ஏதோ பதறினாள்.

"அழாதை பிள்ளை, சொல்றதைக் கேள்," என்றாள் கமலராணி. "எல்லாத்தையும் எரிக்கச் சொல்லிக் கையெழுத்து வைச்சிட்டன். அந்தாள் இனி அம்மாவை அடிக்கக் கூடாதெண்டு நீ அண்டைக்குக் காலமைச் சாப்பாட்டிலை கலந்து குடுத்தது இனி ஒருத்தருக்கும் தெரியவராது."