கதவு திறக்காத அரக்கன்

“டேய் அரக்கா! இளவரசியை வெளிய விடு, இல்லைன்னா தலை உருளும்!”

மகேஸ்வரன் இப்படிக் கத்தியும் பழனிமுத்து அசையவில்லை. வெற்றிலையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார். “உன் பின்னால நிக்கிறவன் யாரு?” என்றார்.

கோட்டையும் கிடையாது, வாளும் கிடையாது. பௌர்ணமிப் போயா விடுமுறைக்கு மாத்தளையில் அவர் வீட்டு விறாந்தையில், வாயால் கதை சொல்லிப் பகடை உருட்டி ஆடுகிற ஆட்டம். கதையை நடத்துவதும் வில்லனை உண்டாக்குவதும் மகள் சுதர்சினியின் வேலை.

அவள் உண்டாக்குகிற வில்லன்கள் எல்லாம் தேத்தண்ணி ஆறுவதற்குள் செத்துப்போவார்கள். மகேஸ்வரனுக்குப் பகடை சரியாக விழாவிட்டால், “பரவாயில்ல, இன்னொருக்கா உருட்டு” என்பாள். பிறகு எந்த வில்லன் பிழைப்பான்?

இன்றைக்கும் வில்லன் நோஞ்சானாக இருந்தால் பக்கத்து ஊர் நாலந்தாவில் நடக்கிற ஆட்டத்துக்குப் போய்விடுவோம் என்று கூட்டாளிகள் சொல்லிவிட்டார்கள். அதனால்தான் அப்பாவையே கோபுர வாசல் அரக்கனாக்கினாள். “யாரையும் நம்பாதீங்க, உள்ள விடாதீங்க. அவ்வளவுதான்.”

இதை அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சொந்தத் தம்பி வந்தாலே ஜன்னல் வழியாகப் பேசி அனுப்புகிறவர்.

“நான் மந்திரவாதி,” என்று முன்னால் வந்தான் இந்திரகுமார்.

“அடையாள அட்டை?”

“மந்திரவாதிக்கு ஏதுங்க அட்டை?”

“அப்ப திரும்பிப் போ. அடுத்தவன் வா.”

எல்லாரும் சிரித்தார்கள். சுதர்சினிக்கு உச்சி குளிர்ந்தது. இப்படி ஒரு வில்லன் நாலந்தாவில் கிடைப்பானா?

மகேஸ்வரன் வில்லை வளைப்பதுபோல் கையை நீட்டிக்கொண்டு வந்து நின்றான்.

“என்ன வேலை செய்ற?”

“வில் வீரன்டா, அரக்கா!”

“சம்பளம் வர்ற வேலையைக் கேட்டேன்.”

“கலேவெலயில... மரக்கறி லொறி ஓட்டுறேன்.”

“லொறி சொந்தமா?”

“சொந்தந்தாங்க.” வில் தானாகக் கீழே இறங்கியது.

“குடிப்பியா?”

“தீவாளிக்கு மட்டுந்தாங்க.”

“உள்ள இருக்கிறவளுக்குச் சோறாக்கத் தெரியாது.”

“நான் ஆக்குவேங்க, ஐயா.”

பழனிமுத்து எழுந்து போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். “கதவு திறந்தாச்சு. உள்ள போ.”

சுதர்சினி பதறிவிட்டாள். “அப்பா! சண்டை போடாம விடுற அரக்கன் எங்கயாவது உண்டா? என் ஆட்டமே போச்சு! எல்லாரும் நாலந்தாவுக்குப் போயிருவாங்க!”

“போறவன் போகட்டும். இவனை மட்டும் ஞாயித்துக்கிழமை தாய் தகப்பனோட வரச் சொல்லு.”