வெள்ளிக்கிழமை ஜாமீன்

"சார், ஆறு மணிக்குள்ள ரிலீஸ் ஆர்டர் ஜெயிலுக்குப் போய்ச் சேர்ந்துடுமா?"

தச்சர் இதைக் கேட்பது ஐந்தாவது தடவை.

"போயிடும்ணே. நீங்க கொஞ்சம் உட்காருங்க" என்றார் வக்கீல் குமாஸ்தா. சொல்லிவிட்டாரே தவிர, அவருக்கும் உள்ளூர உதறல்தான். வெள்ளிக்கிழமை வேறு. நீதிபதி கையெழுத்து இன்றைக்கு விழாவிட்டால், ஜெயிலில் இருக்கும் அம்மாள் திங்கட்கிழமை வரை உள்ளேதான் கிடக்க வேண்டும்.

வரதட்சணைச் சாவு வழக்கு. கல்யாணமாகி மூன்றே வருஷத்தில் மருமகள் செத்துப்போனாள். மகனுக்கும் தாய்க்கும் தண்டனை விழுந்தது. அப்பீலுக்குத்தான் வழக்கு இவர்கள் ஆபீசுக்கு வந்தது. அப்பீல் முடியும்வரை தாயின் தண்டனையை நிறுத்திவைத்து, இரண்டு பேர் ஜாமீன் கொடுத்தால் அவரை வெளியே விடச் சொல்லிவிட்டது மேல் கோர்ட். மகனுக்குக் கைவிரித்துவிட்டது.

மேல் கோர்ட் அப்படிச் சொல்லி இருபது நாள். ஜாமீனுக்கு ஆள்தான் கிடைக்கவில்லை. அந்த அம்மாளின் கூடப்பிறந்த தம்பிகள் இருவரும் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். இந்த மாதிரி வழக்கு என்றால் சொந்தபந்தம் திசைக்கு ஒன்றாகப் பறந்துவிடும் என்று குமாஸ்தாவுக்குத் தெரியாதா என்ன? முப்பது வருஷமாக அதைத்தானே பார்க்கிறார்.

அப்படியிருக்க, நேற்றுக் காலை இந்த மனிதர் தானாகவே ஆபீசுக்கு வந்து நின்றார். வீட்டுப் பத்திரம், வரி ரசீது, போட்டோ, எல்லாம் கையில் தயார். இன்னொரு ஜாமீனுக்குத் தன் மச்சானையும் இழுத்து வந்திருந்தார். என்ன உறவு என்று கேட்டதற்கு, சொந்தம்தான், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள் என்றார். குமாஸ்தாவும் எழுதிக்கொண்டார். வழக்குக் கட்டைப் படிப்பது வக்கீல் பாடு. ஜாமீன் காகிதம்தான் இவர் பாடு. ஆள் கிடைத்ததே பெரிசு, இதில் வம்சாவளி வேறு பார்ப்பார்களா?

வெளியே வந்து அந்த அம்மாள் தங்கப்போவதும் தச்சர் வீட்டில்தானாம். அதற்கென்று தன் கையாலேயே ஒரு கட்டில் செய்து போட்டிருக்கிறார். முழங்கால் வலிக்காரர் ஆயிற்றே, எழுந்திருக்கச் சிரமப்படக் கூடாது என்று உயரத்தை நாலு விரற்கடை கூட்டினாராம். அவர் மனைவி காலையிலிருந்து வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடையாய் நடக்கிறாராம். சொல்லும்போதே மனிதருக்கு முகமெல்லாம் சிரிப்பு. அதைப் பார்த்து குமாஸ்தாவுக்கும் மனசு குளிர்ந்துபோயிற்று.

நாலரைக்குக் கூப்பிட்டார்கள். நீதிபதியம்மா மாற்றலாகி வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. ஒவ்வொரு தாளாக நிதானமாகப் புரட்டினார். குமாஸ்தா கடிகாரத்தையும் அவர் பேனாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஒருவழியாகக் கடைசித் தாளிலும் கையெழுத்து விழுந்தது. அப்பாடா என்று குமாஸ்தாவுக்கு மூச்சு வந்தது.

காகிதக் கட்டை நீட்டிக்கொண்டே நீதிபதியம்மா பேச்சுவாக்கில் கேட்டார். "கூடப்பிறந்தவங்களே எட்டிப் பார்க்கல. நீங்க வீட்டையே ஜாமீன் வெச்சிருக்கீங்க. அவங்களுக்கு நீங்க என்ன வேணும்?"

தச்சர் கைகூப்பினார்.

"சம்பந்திங்கம்மா. செத்துப்போனது என் பொண்ணு. அவளை அவன் அடிக்கிறப்பெல்லாம் குறுக்கே விழுந்து தடுத்தது இவங்க ஒருத்தங்கதான். தெரிஞ்சும், ஆத்திரத்துல அந்த வீட்டுல இருந்தவங்க பேரையெல்லாம் புகார்ல எழுதினது நான்தாம்மா."