மந்தை நடுவே ஒரு முத்தம்

திரையில் போர் விமானங்கள் குண்டு போட்டன. மிரண்டு ஓடும் மாட்டு மந்தையின் நடுவே, குதிரைமேல் இருந்தபடியே நாயகன் நாயகியை இழுத்து அணைத்து முத்தமிட்டான். தொலைவிலிருந்து எடுத்த காட்சி. முகங்கள் தெரியவில்லை.

ஆனால் மாட்டுப் பண்ணைக்காரிக்கு முகம் எதற்கு?

"அது நடிகன் இல்ல. குதிரையில அப்படிச் சாய்ஞ்சு உக்கார்றது நீ ஒருத்தன்தான்," என்றாள் கிளெனிஸ்.

திறந்தவெளி சினிமாக் கொட்டகையின் சாய்வு நாற்காலியில் அவள் கணவன் மெர்வின் நெளிந்தான். "நடிகனுக்குக் குதிரைன்னா பயம். இங்க படம் எடுத்தப்போ அவனுக்குப் பதிலா என்னை ஏறச் சொன்னாங்க."

"ஏறத்தானே சொன்னாங்க? யார் அவ?"

ஒரு பெயரைச் சொன்னால் தப்பித்துவிடலாம். ஆனால் யாரிடமும் மூச்சு விடுவதில்லை என்று கைகுலுக்கி வாக்குக் கொடுத்திருந்தான். அதை மீறியவனோடு இந்த ஊரில் எவனும் மந்தை ஓட்ட வரமாட்டான்.

"சொல்ல முடியாது, கிளெனிஸ்."

"சரி. நாளைக்கே நான் டார்வினுக்கு அம்மா வீட்டுக்குப் போறேன். நீ அவளையே வச்சுக் குடும்பம் நடத்து."

அவள் எழுந்துவிட்டாள். பக்கத்து நாற்காலியில் இருந்த அவள் தம்பி டெரில், ஆறடித் தாடிக்காரன், தொப்பியை மூக்குவரை இறக்கிக்கொண்டான்.

"உக்காருக்கா," என்றான். "நடிகைக்கும் குதிரைன்னா பயம். கவுனை எனக்குத்தான் மாட்டிவிட்டாங்க."

கிளெனிஸ் தம்பியைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள். மெல்ல உட்கார்ந்தாள்.

"கல்யாணத்தன்னைக்குக்கூட நீ என்னை இவ்வளவு ஆசையா பிடிச்சதில்ல, மெர்வின்."