ஓர வரிசை

சோதனை வயலில் மக்காச்சோளம் முழுக்கக் காய்ந்து சுருண்டு நின்றது. மதில் ஓரத்து வரிசை மட்டும் கரும்பச்சையாக ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது.

விதை ஆராய்ச்சியாளருக்குக் கால் தரையில் பாவவில்லை. கால்சட்டைப் பைக்குள் சாவிக்கொத்தைக் கிலுக்கிக்கொண்டே இயக்குநரை அங்கே அழைத்துப் போனார்.

"வறட்சி, சத்தில்லாத மண்ணு, ரெண்டையும் தாங்குது சார். என் கையாலயே மகரந்தம் தட்டிச் சேர்த்த ரகம். முளைச்சதுக்கப்புறம் ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது, ஒரு பிடி உரம் கிடையாது!"

பின்னால் நின்ற களையெடுக்கும் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

இயக்குநர் அவர்களில் மூத்தவளிடம் திரும்பினார். "நீங்க யாரும் தெரியாம தண்ணி ஊத்தலையேம்மா?"

"தண்ணி ஊத்தல சார்."

"உரம்?"

அவள் தலை இன்னும் தாழ்ந்தது. "சொல்லவே வாய் கூசுது சார்..."

"பயப்படாம சொல்லும்மா, நான் இருக்கேன்ல?" என்று ஆராய்ச்சியாளரே தைரியம் கொடுத்தார்.

"காலையில வந்தா சாயங்காலம்தான் சார் வீடு. மண்ணுக்காலோட வர்றோம்னு ஆபீஸ் கக்கூஸைப் பூட்டிட்டாங்க. இத்தனை பொம்பளைங்களுக்கும் மறைவுன்னா, இந்த மதில் ஓரம் ஒண்ணுதான்."

அதுவரை ஆசையாகத் தடவிக்கொண்டிருந்த இலையை இயக்குநர் மெல்ல விட்டார்.

"பூட்டினது யாரு?"



ஆராய்ச்சியாளர் பைக்குள் இருந்த சாவிக்கொத்தைச் சத்தம் வராதபடி இறுகப் பிடித்துக்கொண்டார்.