தம்ளர் விழுந்த சத்தம்

அப்பாவிடமிருந்து தப்பி, அம்மாவோடு காப்பகத்துக்கு வந்த முதல் நாள் மதியம், ஷைனியின் கையிலிருந்து எவர்சில்வர் தம்ளர் நழுவிக் கூடமெங்கும் ஒலித்தபடி உருண்டது. குழந்தை மேசைக்கடியில் புகுந்து தலையைப் பொத்திக்கொண்டாள். அவளுடைய அம்மாவும் கையை உயர்த்தி முகத்தை மறைத்தாள். காப்பகத்தின் ஆலோசகர் தமயந்தி அப்பளத்தைக் கடித்தபடியே தன் காலித் தட்டைத் தரையில் போட்டார். சமையல்கட்டிலிருந்து எட்டிப்பார்த்த மரகதம், "நான் மட்டும் சும்மா இருக்கணுமா?" என்று கரண்டியைக் கீழே போட்டாள். பிறகு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொன்றாகப் போட்டார்கள். யாரும் யாரையும் திட்டவில்லை. மேசைக்கடியில் விரலிடுக்கில் ஒரு கண் திறந்தது. மறுநாள் ஷைனி அண்டா மூடியைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு நடுக்கூடத்தில் வந்து நின்றாள்.

"அம்மா, பயந்துறாத. நான்தான் போடப் போறேன்."